வர்ஸான் கேட்ட விலை

மயிலாப்பூர்
7 நவம்பர் 2025, வெள்ளிக்கிழமை இரவு

ரூபி,

இதை யாரிடமும் காட்டாதே. உன்னைப் பெற்ற அம்மியிடம்கூட வேண்டாம். படித்து முடித்ததும் கிழித்து, வாளித் தண்ணீரில் ஊறவைத்து, எழுத்தெல்லாம் கரைந்த பிறகு குப்பையில் போடு. உன் காலில் விழுந்து கேட்கிறேன். இது யார் கையிலாவது கிடைத்தால் என்னைப் பள்ளிக்கூடத்துக்குக்கூட அனுப்ப மாட்டார்கள்.

நான் மாடி வீட்டில், நீ கீழ் வீட்டில். நடுவில் பதினெட்டுப் படிகள். ஆனால் அம்மா வாசல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து கீரை ஆய்கிறாள். போனைப் பிடுங்கிவிட்டார்கள். உன் பள்ளி கோபாலபுரத்தில், என் பள்ளி இங்கே. அதனால் என் யூனிஃபார்ம் டாப்ஸின் பக்கத் தையலை காம்பஸ் முனையால் நானே பிரித்தேன். டியூஷன் முடிந்து வரும் வழியில், கச்சேரி ரோட்டுச் சந்தில் ஹாஜிரா பீயிடம் தைக்கக் கொடுத்துவிட்டு வர மட்டும் அனுமதி உண்டு. சாயங்காலம் நீ அவருக்குக் கொக்கி வைத்துக் கொடுக்க வருவாய். டாப்ஸைப் பார்த்ததும் பாக்கெட்டைத் தடவுவாய் என்று நம்புகிறேன். சின்ன வயதில் நாம் அப்படித்தானே புளிப்பு மிட்டாய் அனுப்பிக்கொள்வோம்.

என் அறைக்கு இப்போது தாழ்ப்பாள் இல்லை. போன வாரம் அப்பா ஸ்க்ரூ டிரைவரோடு வந்து கழற்றிவிட்டார். கதவைத் தட்டும் வழக்கமும் எங்கள் வீட்டில் கிடையாது, உனக்குத் தெரியும். நேராகத் தள்ளிக்கொண்டு வருவார். கெமிஸ்ட்ரி ரெகார்டை விரித்து, அதன் மேல் இந்தத் தாளை வைத்து எழுதுகிறேன். ஒவ்வொரு வரிக்கும் ஒரு தடவை காதைத் தீட்டிக்கொள்கிறேன்.

அக்டோபர் இருபத்துநான்காம் தேதி நீயும் உன் ஃபராஸ் அண்ணாவும் உங்கப்பாவும் எங்கள் வாசலில் வந்து நின்றீர்கள். அதற்கு முன் வீட்டுக்குள் நடந்தது உனக்குத் தெரியாது. அதைச் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது.

அம்மா என் ரெகார்டுக்கு அட்டை போட எடுத்தாள். அதிலிருந்து அந்தத் தாள் விழுந்தது. நான் வர்ஸானுக்கு எழுதி வைத்த ஒப்பந்தம். நம் மாடி விளையாட்டில் ஃபராஸ் அண்ணாவின் விதி அப்படி அல்லவா? மந்திரக்காரி மூன்றாம் படிக்கு வந்தால் ஓர் எஜமான பூதத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வாயால் சொன்னால் போதாது, நிஜமான தாளில், சொந்தக் கையெழுத்தில் எழுத வேண்டும். எழுதினேன். இப்போது கண்ணை மூடினாலும் அந்த வரிகள் தெரிகின்றன:

‘வர்ஸான் அவர்களுக்கு. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு, மொட்டை மாடியில், என் முழு மனதோடு நான் உங்கள் பக்கம் வந்துவிட்டேன். இனி நீங்கள் எப்போது அழைத்தாலும் வருவேன். என் வீட்டார்க்கு இது தெரியாது. ஒருநாள் நீங்கள் கேட்பதை மறுக்காமல் தருவேன்.’

கீழே ‘மந்திரக்காரி இமையாள்’ என்று கையெழுத்துப் போட வேண்டியவள், பரீட்சைத் தாள் பழக்கத்தில் ‘க. நீரஜா, பதினொன்றாம் வகுப்பு, ஆ பிரிவு’ என்று போட்டுத் தொலைத்தேன்.

அம்மா மூன்று தடவை படித்தாள். பிறகு என்னைப் பார்க்காமல், அப்பாவிடம் நீட்டினாள்.

“ஏன்னா, யாரு இந்த வர்ஸான்?”

“மொட்டை மாடில வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்கு வேற யார் இருக்கப் போறா? கீழாத்துப் பையன்தான். பேரை மாத்தி வெச்சிண்டிருக்கான்.”

“உங்களுக்குத்தான் அவன் அப்பா காதர்னா உசிராச்சே. பதினாலு வருஷமா ரெண்டு பேரும் ஒரே குழாயைப் பிடிச்சிண்டு ஸ்கூட்டர் அலம்பினேளே!”

அப்பா எழுந்தார். சட்டையை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினார். அதற்குப் பிறகு உனக்குத் தெரியும். ஃபராஸ் அண்ணா எங்கள் நிலைப்படியைத் தாண்டாமல் நின்று, “அங்கிள், வர்ஸான்னு ஆளே கிடையாது. அது பூதம். கேமுக்காக நான் உண்டாக்குனது” என்றார். அப்பா சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. “பதினாறு வயசுப் பொண்ணு பூதத்துக்கு லெட்டர் எழுதுவாளா? யார் காதுலடா பூ சுத்தறே?” பிறகு என் பக்கம் திரும்பினார். “நீரஜா, நீ சொல்லு. அவன் சொல்றது நெஜமா? இது வெறும் விளையாட்டா?”

நீங்கள் மூன்று பேரும் என்னைப் பார்த்தீர்கள். தலையை ஆட்டியிருந்தால்கூடப் போதும். ஆட்டவில்லை.

வர்ஸான் என்ன விலை கேட்டான் என்று நினைவிருக்கிறதா? பூட்டிய எதையும் திறக்கும் குரலைத் தருவான். பதிலுக்கு, அவன் விரும்பும் ஒரு நாளில், நான் பேசியே ஆக வேண்டிய நேரத்தில், என் குரலை எடுத்துக்கொள்வான். ஒரே ஒரு முறை. மலிவு என்று சொல்லித்தான் நான் அவனைத் தேர்ந்தெடுத்தேன்.

ராத்திரியெல்லாம் இதைத்தான் நினைக்கிறேன். ரூபி, அவன் வாங்கிக்கொண்டுவிட்டானோ?

நீரஜா


கீழ் வீடு
9 நவம்பர், ஞாயிறு

நீரஜா,

உன் கடிதத்தை நான் கிழிக்கவில்லை. ஊறவைக்கவும் இல்லை. பயப்படாதே, யாரிடமும் காட்டவும் இல்லை. அது என் நல்ல குணம், உனக்காக இல்லை.

முதலில் ஒன்று. வர்ஸானை இழுக்காதே. அவன் என் ஃபராஸ் பாய்ஜான் பென்சிலில் வரைந்த பூதம். கொம்பு சரியாக வரவில்லை என்று இரண்டு தடவை ரப்பர் போட்டான். ரப்பர் போட்டால் அழிகிற ஒருவன் உன் வாயை வந்து கட்டிவிட்டானாம். வாயை மூடிக்கொண்டு நின்றது நீ.

உங்கள் வீட்டுக்குள் நடந்ததைச் சொன்னாய். எங்கள் வீட்டுக்குள் நடந்ததையும் கேட்டுக்கொள். அன்று ராத்திரி பாய்ஜான் எங்கப்பா முன்னால் நின்று ஒப்பந்தம், மூன்றாம் படி, எஜமான பூதம் எல்லாவற்றையும் விளக்கினான். எங்கப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் கடைசியில், “நான் நம்பறேன்டா. நான் நம்பி இன்னா ஆவப்போவுது? மாடி வூட்டு கல்யாண் சார் நம்பணும். நாளைக்குக் காலைல நான் அவரு மூஞ்சில எப்டி முழிப்பேன்?” என்றார். எங்கப்பா பாண்டி பஜாரில் பை விற்கிறவர். ஆயிரம் பேர் ஊருக்குப் போகப் பை எடுத்துக் கொடுத்திருப்பார். மகன் துணியை ஒரு பையில் வைத்து ஜிப்பை இழுக்கும்போது அவருக்குக் கை ஓடவில்லை. அம்மிதான் இழுத்து மூடினார். விடியற்காலை ரயிலில் பாய்ஜானை ஆம்பூருக்கு அனுப்பிவிட்டார்கள். மாமுவின் ஷூ கம்பெனி கோடவுனில் அட்டைப் பெட்டி எண்ணுகிறான்.

இப்போது கேள். பதினேழாம் தேதி திங்கட்கிழமை மாமு வருகிறார். காலேஜிலிருந்து பாய்ஜானின் டி.சி.யை வாங்கிக்கொண்டு போய்விடுவார். முதல் வருஷம்கூட முடியவில்லை. வாங்கிவிட்டால் அவ்வளவுதான், அவன் ஆம்பூர்க்காரன். நான் சொல்லிப் பார்த்தேன், அம்மியும் சொல்லிப் பார்த்தார். நாங்கள் என்ன சொன்னாலும் அது எங்கள் பிள்ளையைக் காப்பாற்றச் சொல்வதாகத்தான் தெரியும். எழுதியது உன் கை. நீ சொன்னால்தான் செல்லும்.

இன்று ஞாயிறு. உங்கப்பா இருட்டோடு எழுந்து, ஐந்து மணிக்கே ஸ்கூட்டரைக் கழுவிவிட்டுப் போய்விட்டார். வழக்கமான எட்டு மணிக்கு எங்கப்பா கீழே வந்து ஈரத் தரையைப் பார்த்தார். குழாயைச் சுருட்டி ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே வந்துவிட்டார். அவருடைய ஸ்கூட்டர் புழுதியோடு நிற்கிறது.

பூதங்களில் உப்பரசியைத் தேர்ந்தெடு என்று நான் அன்றைக்கே தலையால் அடித்துக்கொண்டேன். தினமும் கொஞ்சம் கேட்கிறவளைச் சமாளிக்கலாம், என்றைக்கோ மொத்தமாகக் கேட்கிறவனை நம்பாதே என்றேன். நீ என் பேச்சைக் கேட்டிருக்கிறாயா?

எனக்கு உன் மன்னிப்பு வேண்டாம். உங்கப்பாவிடம் ‘அது விளையாட்டு’ என்று சொல். இரண்டு சொல். எண்ணிப் பார்.

ரூபீனா

ஹாஜிரா பீ உன் டாப்ஸைப் பார்த்து, “இன்னாம்மா, அந்தப் பொண்ணு ஸ்கூல்ல குஸ்தி கத்துக் குடுக்குறாங்களா?” என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அதற்கும் உன் மேல்தான் கோபம்.


மயிலாப்பூர்
11 நவம்பர், செவ்வாய் இரவு

ரூபி,

நேற்றுக் காலை அப்பா ஷேவ் செய்துகொண்டிருந்தபோது பின்னால் போய் நின்றேன். கண்ணாடியில் என்னைப் பார்த்து, “என்ன?” என்றார். “கெமிஸ்ட்ரி டெஸ்ட்” என்றேன். இன்று சாப்பிடும்போது மறுபடி முயற்சி செய்தேன். மோர் வேண்டும் என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். உனக்குச் சிரிப்பாக இருக்கும். இரண்டு சொல்தான். எண்ணிக்கொண்டேதான் போகிறேன்.

கோபப்படாமல் இதைப் படி. இதையும் யாரிடமும் காட்டாதே.

தீபாவளிக்கு முந்தின வெள்ளிக்கிழமை உனக்கு நினைவிருக்கிறதா? தண்ணீர்த் தொட்டியின் நிழலில் பாய். வரைபடம் பறக்காமல் இருக்க நாலு மூலையிலும் நாலு செங்கல் துண்டு. இருபது முகப் பகடை எப்போதோ மழைநீர்க் குழாய்க்குள் உருண்டு போய்விட்டது. அதற்குப் பதில் தம்போலா செட்டிலிருந்து ஒன்று முதல் இருபதுவரை காய்களை எடுத்து பிஸ்கட் டப்பாவில் போட்டுக் குலுக்குவோம். எட்டாம் வகுப்பு லீவிலிருந்து மூன்று வருஷம் அந்த டப்பாச் சத்தம். பக்கத்துத் தெருவில் யாரோ முன்கூட்டியே சரம் வெடித்தார்கள். நீ உன் வாள்காரிக்கு வெடிச் சத்தத்தில் கண் தெரியாது என்று புதுவிதி சொல்லி என்னை ஏமாற்றப் பார்த்தாய்.

ஃபராஸ் அண்ணா மூன்று பூதங்களையும் ஒவ்வொன்றாக வரவழைத்தார். எரிகழல் தேனாம்பேட்டை சிக்னலுக்கு அடியில் இருக்கிறான், ஹாரன் சத்தம்தான் அவனுக்குச் சாப்பாடு என்றார். அவன் நெருப்பைத் தருவான், ஒவ்வொரு தடவைக்கும் ஒரு ஞாபகத்தைப் பிடுங்கிக்கொள்வான். எனக்கு வேண்டாம் என்றேன். எதை இழந்தேன் என்றே தெரியாமல் போய்விடுமே. அடுத்தது உன் உப்பரசி. பட்டினப்பாக்கம் கடலில் இருப்பவள். அலையைத் தருவாள், தினமும் நாக்கிலிருந்து ஒரு சிட்டிகை ருசியை எடுத்துக்கொள்வாள். “பரவால்லடி, உங்க வீட்டு கத்திரிக்காய் கூட்டுக்கு ருசி போனா இன்னா நஷ்டம்?” என்று நீ கேட்டாய்.

பிறகு வர்ஸான். அவன் பூட்டிய அறைகளில் மட்டும் இருப்பான். ஃபராஸ் அண்ணா குரலைத் தாழ்த்தி, “இமையாளே, உனக்கு என்ன வேண்டும்?” என்று கேட்டார்.

கேட்டுவிட்டுச் சும்மா இருந்தார். நீகூட, “சீக்கிரம் சொல்லுடி, பாங்கு சொல்லிடுவாங்க, இவன் கிளம்பிடுவான்” என்றாய். அவர் கையைக் காட்டி உன்னை நிறுத்தினார். “வர்ஸானுக்கு அவசரம் இல்லை” என்றார். காத்திருந்தார்.

ரூபி, என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டு, பதிலுக்காக யாரும் காத்திருந்ததில்லை. எந்த குரூப், எந்த டியூஷன், பாட்டு கிளாஸை எப்போது நிறுத்துவது, எல்லாம் என் தலைக்கு மேலே பேசி முடிவாகிவிடும். நான் கேட்பதற்குள் அடுத்த பேச்சு வந்துவிடும். அதனால்தான் அவனைத் தேர்ந்தெடுத்தேன். விலை மலிவு என்று உன்னிடம் சொன்னது பொய். விலையை நான் காதில் வாங்கவே இல்லை.

பாங்கு கேட்டது. கோயில் மணியும் அடித்தது. ஃபராஸ் அண்ணா வழக்கம்போல நல்ல இடத்தில் நிறுத்திவிட்டு, “எழுதி வை, அடுத்த வாரம் வாங்கிக்கிறேன்” என்று தொழுகைக்கு ஓடினார். ‘என் முழு மனதோடு’ என்று நான் எழுதியது விளையாட்டுக்காக இல்லை. அதற்காக அது வேறு எதுவும் இல்லை. ஃபராஸ் அண்ணா எனக்கு அண்ணாதான். நீ நம்ப வேண்டும்.

அப்பா, “இது வெறும் விளையாட்டா?” என்று கேட்ட நேரத்தில் இதுதான் நினைவுக்கு வந்தது. ‘வெறும்’ என்பதை எப்படிச் சொல்வது? இன்னொன்றும் இருக்கிறது. காலாண்டில் கெமிஸ்ட்ரி போன பிறகு விளையாட்டே கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை மாடியில் நாம் கெமிஸ்ட்ரி படிக்கிறோம் என்று ஒவ்வொரு வாரமும் பொய் சொல்லிக்கொண்டிருந்தேன். விளையாட்டு என்று சொன்னால் அதுவும் அவிழும். அந்தப் பொய்யைக் காப்பாற்ற உன் அண்ணாவைக் கொடுத்துவிட்டேன். எழுதும்போதே அசிங்கமாக இருக்கிறது.

யாரோ நடக்கிறார்கள். அம்மாதான். தண்ணீர் குடிக்க. போய்விட்டாள்.

திங்கட்கிழமைக்குள் எப்படியாவது சொல்லிவிடுவேன் என்று எழுத ஆசை. எழுதினால் அதுவும் பொய்யாகிவிடுமோ என்று பயம்.

நீரஜா


கீழ் வீடு
13 நவம்பர், வியாழன்

நீரஜா,

மாட்டிக்கொண்டோம். ஹாஜிரா பீ உன் டாப்ஸை விளக்கு வெளிச்சத்தில் பிடித்து என் மூஞ்சிக்கு நேராக நீட்டினார். “யேம்மா ரூபீனா, நாப்பது வருஷமா தைக்கிறேன். கிழிஞ்ச தையல் எது, பிரிச்ச தையல் எதுன்னு எனக்குத் தெரியாதா? வாரத்துக்கு ரெண்டு தபா இது எப்டி ஒரே எடத்துல பிரியுது?” நான் கொக்கியை வாயில் வைத்துக்கொண்டு குனிந்துகொண்டேன். அவர் பாக்கெட்டைத் தொடவில்லை. மடக் மடக்கென்று மிஷினை மிதித்தார். “டபுள் தையல் போட்டுட்டேன். இனிமே காம்பஸ் இல்ல, கடப்பாரை கொண்டாந்தாலும் பிரியாது. உங்க வூட்ல படிக்கட்டு கீதுல்ல? எறங்கி ஏறச் சொல்லு.”

ஆகவே இது இந்த வழியில் வரும் கடைசிக் கடிதம்.

உன்னுடையதை நாலு தடவை படித்தேன். நான் எழுதியது போன தடவை கொஞ்சம் அதிகம். கொஞ்சம்தான். மூன்று வருஷம் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். உன்னை யாரும் எதுவும் கேட்பதில்லை என்பது எனக்குத் தெரியாது. நானும் ‘சீக்கிரம் சொல்லுடி’ என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

நேற்று அம்மியின் போனில் பாய்ஜானோடு மூன்று நிமிஷம் பேசினேன். அவன் முதலில் கேட்டது, “இமையாள் இன்னா பண்றா?”

“வாயை மூடிக்கினு உக்காந்துகினு கீறா” என்றேன்.

சிரித்தான். அவன் சிரித்து மூன்று வாரம் ஆயிற்று. “திட்டாதே அவளை. வர்ஸானை நான் கொஞ்சம் ஓவரா நல்லா பண்ணிட்டேன்” என்றான். கோடவுனில் பெட்டி எண்ணும்போது ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு பூதம் பெயர் வைத்திருக்கிறானாம். அங்கே அதைச் சொல்ல ஆளில்லை. பிறகு சொன்னான்: “தொட்டிக்கு அடில டப்பா இருக்கும். அதுல என் நோட்டு. வர்ஸான் பக்கத்தைத் திருப்பிப் பாரு. அவளுக்கு அடுத்த வாரம் காட்டலாம்னு இருந்தேன்.”

மொட்டை மாடிக்குப் போனேன். பாயில் மழைத் தண்ணீர் தேங்கிப் பாசி பிடித்திருக்கிறது. செங்கல் துண்டுகள் நாலும் வைத்த இடத்திலேயே இருக்கின்றன, நடுவில் வரைபடம் இல்லாமல். கொஞ்ச நேரம் டப்பாவைக் குலுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சும்மா.

நோட்டிலிருந்து அந்தத் தாளைக் கிழித்து இதோடு வைத்திருக்கிறேன். முன்பக்கம் மூன்று பூதங்களும் இருக்கும், ரப்பர் போட்ட கொம்போடு. பின்பக்கம் இது:

‘வர்ஸானின் ஒப்பந்தத்தை முறிக்க: எழுதியவள், ஆட்டத்தில் இல்லாத ஒருவர் முன்னால், அதை முதல் எழுத்திலிருந்து கையெழுத்துவரை தன் குரலில் படிக்க வேண்டும். இதற்குக் காய் எடுக்கத் தேவையில்லை. படித்துவிட்டால் அவன் தந்தது எல்லாம் போய்விடும். மந்திரக்காரி முதல் படிக்குத் திரும்புவாள்.’

காய் எடுக்கத் தேவையில்லை, பார்த்தாயா? இருபது வருமா, ஒன்று வருமா என்ற பேச்சே இல்லை. படிக்கிறாயா, படிக்கவில்லையா, அவ்வளவுதான்.

இரண்டு சொல் போதும் என்று சொன்னேன் அல்லவா? அது தப்பு. ‘வெறும் விளையாட்டு’ என்று நீ சொல்ல வேண்டாம். நடந்ததைப் படி. கெமிஸ்ட்ரியையும் சேர்த்து.

மாமு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வருகிறார்.

ரூபி


மயிலாப்பூர்
15 நவம்பர், சனிக்கிழமை இரவு

ரூபி,

இந்தக் கடிதத்தைக் காட்டு. யாரிடம் வேண்டுமானாலும். முதலில் உங்கப்பாவிடம் காட்டு, பிறகு அம்மியிடம். மாமு ஆம்பூரிலிருந்து வந்தால் அவரிடமும் படித்துக் காட்டு. நாளை ஞாயிறு, ஹாஜிரா பீ கடை கிடையாது. டாப்ஸும் பிரியாது, முயன்று பார்த்தேன். காம்பஸ்தான் வளைந்தது. அதனால் இதை நானே பதினெட்டுப் படி இறங்கி வந்து கொடுப்பேன். நான் வரவில்லை என்றால் என்னால் சொல்ல முடியவில்லை என்று அர்த்தம்.

இப்போது மணி பத்தரை. பத்து நிமிஷத்துக்கு முன் ஒரு காரியம் செய்தேன். ஃபராஸ் அண்ணாவின் தாளை அப்பா அம்மா அறைக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டேன். அதோடு என் சீட்டு ஒன்று. ‘அப்பா, பீரோவில் நீ பூட்டி வைத்திருக்கும் தாளை எடுத்துக்கொண்டு என் ரூமுக்கு வா. அதை உன் எதிரில் நான் சத்தமாகப் படிக்க வேண்டும். அம்மாவும் வரலாம். படித்து முடிக்கும்வரை நடுவில் பேசக் கூடாது.’ கடைசி வரியை எழுதி, அடித்து, திரும்ப எழுதினேன். அப்பாவுக்கு நான் இதுவரை விதி போட்டதில்லை.

தள்ளியவுடன் திரும்ப எடுத்துவிடலாம் என்று தோன்றியது. விரலை விட்டுப் பார்த்தேன். தாள் எட்டவில்லை. ஓடி வந்துவிட்டேன்.

மழை பிடித்துக்கொண்டது. மாடித் தொட்டி நிரம்பி வழியும் சத்தம் கேட்கிறது. நம் பாய் இந்நேரம் முழுகியிருக்கும். எதற்கோ, இப்போது போய் உன்னை எழுப்பி டப்பாவைக் குலுக்க வேண்டும்போல் இருக்கிறது. இமையாள் முதல் படிக்குப் போய்விட்டால் குரல் கிடையாது, பூட்டுத் திறக்க முடியாது, ஒரு தடியும் இரண்டு மெழுகுவர்த்தியும்தான். எட்டாம் வகுப்பு லீவில் அப்படித்தானே தொடங்கினோம். முதல் நாளே நீ என் மெழுகுவர்த்தியைத் திருடிவிட்டாய். மறுபடியும் திருடு, பரவாயில்லை.

அவர்கள் அறையில் விளக்கு எரிகிறது. நடையில் வெளிச்சம் விழுந்திருக்கிறது.

அம்மா ஏதோ கேட்கிறாள். அப்பா படிக்கிறார், எனக்குக் கேட்கிறது. “உப்பரசியாம்... பட்டினப்பாக்கம் கடல்லயாம்... தினமும் ஒரு சிட்டிகை ருசி...” நிறுத்திவிட்டார். “தேனாம்பேட்டை சிக்னலுக்கு அடில...” அம்மா “ராமா” என்றாள். அப்பா தாளைப் பின்பக்கம் திருப்புகிறாரா என்று தெரியவில்லை.

பீரோச் சாவி. நம் தெருவுக்கே கேட்கும் அந்த பீரோ.

ரூபி, எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. பயம் போய்விட்டது என்று எழுதினால் நீ சிரிப்பாய். என்ன படிக்க வேண்டும் என்று ஒத்திகை பார்த்தேன். ‘வர்ஸான் அவர்களுக்கு’ வரை சத்தம் வருகிறது. ‘என் முழு மனதோடு’ என்ற இடத்தில் அப்பாவை நிமிர்ந்து பார்க்க வேண்டும். படித்துவிட்டு, கெமிஸ்ட்ரி பொய்யைச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு, அப்பாவை நாளை எட்டு மணிக்குக் கீழே போய் உங்கப்பா வரும்வரை ஸ்கூட்டரைக் கழுவாமல் நிற்கச் சொல்ல வேண்டும். இதை மட்டும் எப்படிச் சொல்வது என்று இன்னும் தெரியவில்லை.

வருகிறார். காலடி அவருடையதுதான். பின்னால் அம்மாவின் மெட்டிச் சத்தம். கதவுக்கு அடியில் நிழல் வந்து நின்றுவிட்டது.

ஏன் நிற்கிறார்?

ரூபி, தட்டுகிறார். அப்பா கதவைத் தட்டுகிறார். தாழ்ப்பாள்கூட இல்லாத கதவு, ஒரு விரலால் தள்ளினால் திறக்கும். தள்ளவில்லை. இரண்டு தடவை தட்டிவிட்டுக் காத்துக்கொண்டு